கேஸ் டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை

நவம்பர் 3, மாலை 6.15 (மதுரை திருநகரிலிருந்து ஒரு கேள்வி)

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய அத்தான், வீட்டுச் சாமான்களோடு கேஸில் ஓடும் துணி உலர்த்தும் மெஷின் ஒன்றையும் கொண்டுவந்தார். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, சமையல் கேஸ் சிலிண்டரில் இணைத்து மாடி அறையில் ஓட்டுகிறோம். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. இப்போது டிரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு இல்லை. சிலிண்டரை மாற்றியும் பார்த்தாயிற்று. அக்காவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மழையில் குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்பு ரிப்பேர் செய்பவர் வந்து பார்த்துவிட்டு, கேஸ் பீச்சும் முனையான ஜெட்டின் துளை மிகச் சிறிதாக இருக்கிறது, அதைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்கிறார். நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். செய்யலாமா?

நவம்பர் 3, இரவு 9.40

வேண்டாம் தம்பி. அவரை வரவேண்டாம் என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள்.

வில்லாபுரத்தில் 19 வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறேன். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் துண்டும் என்னிடம் வருகின்றன. கடையில் இரண்டு கேஸ் டிரையர்கள் ஓடுகின்றன. அதில் ஒன்று உங்களுடையதைப் போலவே அமெரிக்க வீட்டு மெஷின்.

ஜெட்டின் துளை சிறிதாக இருப்பது கோளாறு இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. நம் சிலிண்டரில் இருப்பது எல்பிஜி. அளவுக்கு அளவு பார்த்தால் எல்பிஜியில் இரண்டரை மடங்குக்கு மேல் சூடு இருக்கிறது. அழுத்தமும் அதிகம்: இயற்கை எரிவாயு பர்னருக்கு 3.5 அங்குல நீர் அழுத்தத்தில் போகும்; எல்பிஜி 10, 11 அங்குலத்தில் போகும். அதனால்தான் எல்பிஜிக்கு மாற்றும்போது சிறிய துளையுள்ள ஜெட்டைப் போடுகிறார்கள். அதைப் பெரிதாக்கினால் தீ டிரம்மின் வாய்வரை நீளும். பாதி எரிந்த கேஸ் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். மாடி அறையில் பச்சைக் குழந்தையின் துணி, பக்கத்து அறையில் குழந்தை. தயவுசெய்து அந்த ஜெட்டைத் தொடவிடாதீர்கள்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது என்று நீங்களே சொல்கிறீர்கள். துளை இரண்டு வருடத்தில் சுருங்காது.

நவம்பர் 4, காலை 5.50

நேற்று அவசரத்தில் எழுதினேன். கடை திறக்குமுன் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இந்த மெஷின் தீ பிடிக்கும் முறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் கோளாறு தானே பிடிபடும். அடுப்பைப் போலத் திருகித் தீ வைப்பது கிடையாது. முதலில் மோட்டார் வேகம் எடுக்க வேண்டும். வேகம் வந்ததும் மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்ச் ஒன்று மூடிக்கொண்டு, சூட்டுக்கான மின்சாரத்தை விடும். அந்த மின்சாரம் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் வழியாகவும், சூடு மீறினால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் வழியாகவும் போய் இக்னைட்டரைப் பழுக்கவைக்கும். இக்னைட்டர் என்பது விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு. கொல்லன் உலையில் இரும்பு பழுப்பதைப் போல மங்கிய சிவப்பில் தொடங்கி, அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் கண் கூசும் மஞ்சளுக்கு வரும். பக்கத்தில் சூடறியும் சுவிட்ச் ஒன்று காத்திருக்கும். போதிய சூடு வந்ததும் அது 'டிக்' என்று திறக்கும். அப்போதுதான் கேஸ் வால்வு திறந்து, 'புஸ்' என்று நீலத் தீ பிடிக்கும். இக்னைட்டர் அணைந்துவிடும்.

மெஷினின் கீழ்ப்புறத்தில் சிறிய மூடி அல்லது கழற்றக்கூடிய பலகை இருக்கும். அதைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டு, கையை உள்ளே விடாமல் இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். இக்னைட்டர் பழுக்கவே இல்லையா? பழுத்து, தீ பிடிக்காமல் அணைகிறதா? பழுத்தபடியே நிற்கிறதா? இந்த மூன்றில் எது என்று எழுதுங்கள். அதற்குமுன் எந்தப் பொருளையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

நவம்பர் 4, மதியம் 1.20

ஒன்று விட்டுப்போயிற்று. பலகையைத் திறப்பதற்குமுன் மூக்கை நம்புங்கள். கேஸ் வாடை வந்தால் மெஷினைப் போடவே வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தங்கி மூலையில் தேங்கும். குனிந்து முகர்ந்து பாருங்கள். சிலிண்டரை மாற்றியிருக்கிறீர்கள், ரெகுலேட்டர் முனையிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்துவிடுங்கள். குமிழ் விட்டால் கசிவு. மெஷினுக்குப் பின்னால் குழாயில் தனி வால்வு ஒன்று இருக்கும், அது திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாடி பெருக்க வந்தவர் மெஷினை நகர்த்தும்போது அது மூடிக்கொண்டதை என் கடையிலேயே கண்டிருக்கிறேன்.

நவம்பர் 5, காலை 6.30

"பழுக்கவே இல்லை. இருட்டாகவே இருக்கிறது" என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. அப்படியானால் கேஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மின்சாரம் இக்னைட்டர்வரை போகவில்லை, அல்லது இக்னைட்டரே உடைந்திருக்கிறது. ஜெட்டைத் துளைத்திருந்தால் எந்தப் பயனும் இல்லாமல் ஆபத்து மட்டும் மிஞ்சியிருக்கும்.

முதலில் தெர்மல் ஃபியூஸைப் பாருங்கள். காற்றாடிக் கூட்டின் மேல், இரண்டு ஒயர் செருகிய வெள்ளை அல்லது கறுப்புத் துண்டு. சில மெஷின்களில் இது போனால் மோட்டாரே ஓடாது. சிலவற்றில் சூடு மட்டும் போகும். உங்களுடையது இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நலம். ஒன்றும் காட்டவில்லை என்றால் ஃபியூஸ் போய்விட்டது. இது ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், ஒட்டாது. அதன் மேல் டிகிரி பதித்திருக்கும். என் மெஷினில் 91 டிகிரி செல்சியஸ். அதே எண்ணில்தான் மாற்ற வேண்டும்.

ஃபியூஸ் கிடைக்கும்வரை இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். நானும் கேட்டேன். ஏழு வருடத்துக்கு முன்பு, இதே ஐப்பசி மழை. லாட்ஜ் ஒன்றிலிருந்து 40 துண்டுகள் மாலைக்குள் வேண்டும் என்று ஆள் வந்து வாசலில் நிற்கிறார். வந்த மெக்கானிக் ஒயரை முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாம் ஈட்டில் இஸ்திரிப் பெட்டி மறந்துபோன துணியின் வாடை. கதவைத் திறந்தால் மேலே இருந்த துண்டுகளின் ஓரம் தோசைக் கரைபோலச் சிவந்திருந்தது. உள்ளே சல்லடைக்குக் கீழே பஞ்சுத் தூசு கனன்றுகொண்டிருந்தது, ஊதுபத்தி முனையைப் போல, தீ இல்லாமல். சிலிண்டரை மூடிவிட்டு ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தோம். கடைப் பையனின் புறங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அந்த ஃபியூஸை ஒருநாளும் தாண்டாதீர்கள்.

நவம்பர் 5, இரவு 10.05

மீட்டரில் ஒன்றும் காட்டவில்லையாம். ஃபியூஸ்தான். என்னிடம் அதே எண்ணில் ஒன்று உபரியாக இருக்கிறது. வில்லாபுரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் படுக்கப் போனபிறகு மனம் கேட்கவில்லை, எழுந்து எழுதுகிறேன். ஃபியூஸ் போனது நோய் இல்லை, நோயின் அடையாளம். அது ஏன் அறுந்தது? உள்ளே சூடு தேங்கியதால். சூடு ஏன் தேங்கியது? காற்று வெளியே போகாததால். புது ஃபியூஸைப் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் ஒரு வாரத்தில் போகும்.

காற்று வெளியேறும் குழாய் எப்படிப் போகிறது தம்பி? எத்தனை அடி, எத்தனை வளைவு, எதில் செய்தது?

நவம்பர் 6, காலை 6.10

பதில் வந்தது. நான்கு அங்குல பிவிசி குழாய், மாடி அறையிலிருந்து சுவரோரமாக ஓடி மொட்டைமாடிக்கு ஏறுகிறதாம். 28 அடி. மூன்று வளைவுகள். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க முனையில் கொசுவலை கட்டியிருக்கிறார்களாம்.

அந்தக் கொசுவலையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். பஞ்சு போய் வலையில் படிந்து படிந்து கம்பளியாகத் திரண்டிருக்கும். மழைக்குக் கீழ்நோக்கி வளைந்த மூடி போதும், வலை கூடவே கூடாது.

அடுத்தது நீளம். அமெரிக்கக் கட்டட விதியில் மொத்தம் 35 அடி என்று கணக்கு; செங்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடியைக் கழித்துவிட வேண்டும். உங்களுடையது 28 அடி, மூன்று வளைவுக்கு 15, ஆக 43. அளவைத் தாண்டிவிட்டது. பிவிசியும் இதற்கு ஆகாது. அதில் பஞ்சு ஒட்டும், சூட்டில் இளகும், தீப்பிடித்தால் தானும் எரியும். தகரக் குழாய் போடுங்கள். மாடிக்கு ஏற்றாமல் பக்கச் சுவரில் துளையிட்டு நேரே வெளியே விட முடியுமா என்று பாருங்கள்.

பறவைகளையும் சொல்ல வேண்டும். கோடையில் மதுரை வெயிலுக்கு எனக்கு டிரையரே தேவைப்படாது, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ஒரு வருடம் ஐப்பசியில் போட்டால் சூடு தங்கவில்லை. குழாயின் வாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தேன். மைனாக் கூடு வந்தது. காய்ந்த புல், சணல் இழை, பூக்காரம்மா மல்லிகை கட்டி மிச்சம் போட்ட வாழைநார், நடுவில் என் மெஷினின் பஞ்சையே மெத்தையாக விரித்திருந்தது. வெளிர் நீல முட்டையோட்டுத் துணுக்குகள் இரண்டு அதில் ஒட்டியிருந்தன. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டிருந்தன என்பதில் எனக்கு நிம்மதி. இப்போது பங்குனியிலேயே குழாயின் வாயை மூடிவிடுகிறேன். மழை தொடங்குமுன் மறக்காமல் திறக்கிறேன்.

நவம்பர் 8, இரவு 9.15

தம்பி நேற்று கடைக்கு வந்து ஃபியூஸை வாங்கிப்போனார். கொசுவலையில் இருந்த பஞ்சைப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். தலையணை உறை பாதி நிறையும் அளவுக்கு இருந்தது. குழாயையும் தகரத்தில் மாற்றி, பக்கச் சுவர் வழியாக 6 அடியில் வெளியே விட்டுவிட்டார்களாம். ஒரே நாளில் கொத்தனாரைப் பிடித்துச் செய்துமுடித்தாராம். நல்ல பிள்ளை.

ஆனால் வேலை முடியவில்லை. முதல் ஈடு சூடாக ஓடியதாம். இரண்டாம் ஈட்டில் பாதியில் சூடு போய்விட்டதாம். இப்போது இக்னைட்டர் பழுக்கிறது, 'டிக்' என்கிறது, அணைகிறது, தீ இல்லை. சில நிமிடம் கழித்து மறுபடி அதே கதை.

இது காயில்தான். கேஸ் வால்வின் தலையில் இரண்டு காயில்கள் உட்கார்ந்திருக்கும். அவை காந்தமாகி வால்வைத் தூக்கினால்தான் கேஸ் வரும். பழைய காயில் குளிர்ந்திருக்கும்போது தூக்கும், சூடேறினால் உள்ளே கம்பி விட்டுப்போய்த் தூக்காது. முதல் ஈட்டுக்கு ஓடி, இரண்டாம் ஈட்டுக்கு நிற்பது அதன் முத்திரை. இரண்டு முனைக் காயில் சுமார் 1200 ஓம்ஸ் காட்ட வேண்டும். மூன்று முனைக் காயிலில் ஒரு ஜோடி 1300 வாக்கிலும் இன்னொரு ஜோடி 500, 600 வாக்கிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நவம்பர் 9, காலை 5.40

நேற்று எழுதியதை நிறுத்திவையுங்கள். காயிலுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

விடியற்காலையில் கடைக்கு வந்து என் மெஷினைப் போட்டபோது டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் காதில் விழுந்ததும்தான் உறைத்தது. தம்பி முதல் நாளே 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்று எழுதியிருந்தார். நான் அதைக் கேட்கவே இல்லை. மெஷின் 120 வோல்டுக்குச் செய்தது. நம் ஊரில் விற்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வந்தால் 110 கொடுக்கும். மாலையில் தெரு முழுக்க மோட்டார் ஓடும்போது 230 எங்கே வருகிறது? 200 வந்தால் 96தான் வெளியே போகும். டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக இருந்தால் சுமை ஏறியதும் இன்னும் இறங்கும். மோட்டார் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இக்னைட்டர் 3, 4 ஆம்பியர்.

மின்சாரம் குறைந்தால் காயிலின் பிடியும் தளரும். காயில் சூடேறினால் செப்புக் கம்பியின் தடை கூடும், பிடி மேலும் தளரும். ஆக, நல்ல காயில்கூட குளிரில் தூக்கி, சூட்டில் தூக்காமல் போகலாம். கெட்ட காயிலின் அடையாளமும் இதுவும் வெளியே பார்க்க ஒன்றே. மீட்டர்தான் பிரித்துச் சொல்லும்.

இன்று மாலை ஏழு மணிக்கு, மெஷின் ஓடி இக்னைட்டர் பழுத்திருக்கும்போது, டிரான்ஸ்ஃபார்மரின் வெளிமுனையில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். மின்சாரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எத்தனை விஏ (அது தாங்கும் சுமையின் அளவு) என்று எழுதியிருப்பதையும் சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு 8.30

88 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் 750 விஏ.

காயில் இரண்டும் ஓம்ஸில் சரியாகவே இருக்கிறதாம்.

நவம்பர் 10, மதியம் 2.45

2 கேவிஏ (2000 விஏ) டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர். இதைத்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் எப்படி ஓடியது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதுவரை வாரத்துக்கு இரண்டு ஈடு, அதுவும் காலை நேரத்தில் போட்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்தபின் மாலையிலும் இரவிலும் தொடர்ந்து போடுகிறார்கள். காற்றுவழி, வோல்ட் என்ற இரண்டு குறைகளும் முன்பே இருந்தவைதான், வேலை கூடியதும் வெளியே வந்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. அங்கே நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடும் மோட்டார் இங்கே சுமார் 1425தான் ஓடும். காற்றாடியும் அதோடு சேர்ந்து ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். அதனால் நம் ஊரில் இந்த மெஷினுக்குக் காற்றுவழி இரட்டிப்புச் சுத்தமாக இருக்க வேண்டும், துணியையும் பாதி டிரம் அளவுக்குமேல் போடக்கூடாது. ஒவ்வொரு ஈட்டுக்கும் சல்லடையை எடுத்துத் தட்டுங்கள்.

நவம்பர் 11, இரவு 9.50

கேஸ் எவ்வளவு பிடிக்கும் என்ற கேள்விக்கு: இந்த ரக பர்னர் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு அரைக் கிலோ. தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்து எரிப்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் 28 மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். என்னைப் போலத் தொழிலுக்கு ஓட்டுபவர்கள் 19 கிலோ சிலிண்டர்தான் வைக்க வேண்டும், வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம்.

வெயில் வந்தால் வெயிலில் போடுங்கள். இதை டிரையர் வைத்திருக்கும் நானே சொல்கிறேன். சித்திரையில் வேட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வருவதற்குள் ஓரம் மொரமொரப்பாகிவிடும். என் சிறுவயதில் வைகை மணலில் விரிப்புகளை வரிசையாகப் பரப்பிக் காயவைப்பார்கள். நடுவில் நடக்க ஒற்றையடி அகலம் விட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்திருப்பார்கள். அந்த வெள்ளையை எந்த மெஷினும் எனக்குக் கொடுத்ததில்லை. சுங்குடிச் சேலையை மட்டும் எந்தக் காலத்திலும் டிரையரில் போடாதீர்கள் அம்மா (நேற்று கேட்டவருக்கு). நிழலில், உள்புறம் வெளியே தெரியும்படி போடுங்கள்.

நவம்பர் 14, இரவு 8.10

புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து மாட்டியாயிற்று. இக்னைட்டர் பழுத்திருக்கும்போது 112 வோல்ட் நிற்கிறதாம். நேற்று தொடர்ந்து நான்கு ஈடு, நான்கிலும் தீ விடாமல் பிடித்திருக்கிறது.

தம்பி வீட்டுக்கு வரச்சொன்னார், இன்று மாலை போய்ப் பார்த்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தோம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், 'டிக்'.  பிறகு நீலத் தீ, நுனியில் மஞ்சள் இல்லாமல், குழாய்க்குள் நேராக நீட்டி நின்றது. ஜெட் தன் சின்னத் துளையோடு இருந்தபடியே இருக்கிறது. வெளியே தூறல். அவர் அக்கா வந்து டிரம்மிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே கொண்டுபோனார்.

நவம்பர் 15, காலை 6.00

பழைய 750 விஏ டிரான்ஸ்ஃபார்மரை என்ன செய்வது என்று தம்பி கேட்கிறார். மிக்ஸி போன்ற சின்னச் சாமான் அங்கிருந்து கொண்டுவந்தது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். டிரையருக்கு மட்டும் மறுபடி மாட்டிவிட வேண்டாம். அறுந்த ஃபியூஸ் என் மேஜையில் இருக்கிறது. அதே எண்ணில் இரண்டு புதியவை சொல்லியிருக்கிறேன், வந்ததும் ஒன்று உங்களுக்கு.